வெடிக்குமா, வெடிக்காதா?

ரஸாயனப் பொருளொன்றைக் காட்டி, "இது வெடிக்குமா?" என்று ஜனங்கள் கேட்பதும், "பயம் வேண்டாம், பத்திரமாகவே இருக்கிறது" என்று அதிகாரிகள் விடையிறுப்பதும், சில நாட்களுக்குப் பின் இரு திறத்தாரும் அதை மறந்துவிடுவதும் நமது நாட்டில் வழக்கமாகிவிட்டன. அமோனியம் நைட்ரேட் என்னும் வெள்ளை உப்பின் விஷயத்தில் இவ்வழக்கம் நீடிப்பது ஆபத்தென்று நாம் கருதுகிறோம். திருச்சிராப்பள்ளியைச் சூழ்ந்த புதுக்கோட்டை, கரூர், பெரம்பலூர்ப் பிரதேசங்களில் கல் உடைக்கும் தொழில் பெருகியிருக்கிறது. டால்மியாபுரம், அரியலூர்ப் பக்கங்களில் சிமெண்டுக்காகச் சுண்ணாம்புக்கல் வெட்டப்படுகிறது. பாறையைப் பிளக்கும் மருந்துகள் பலவற்றிற்கு இவ்வுப்பே இக்காலத்தில் மூலப்பொருள். ஆகையால் இது ஏதோ தூரதேசத்து விஷயமென்று நம்மவர் ஒதுக்கிவிடுவதற்கில்லை.

முதலில் மணலியில் நடந்ததை நினைவுகூர்வோம். 2015-ஆம் வருஷத்தில், கரூரைச் சேர்ந்த இறக்குமதியாளர் ஒருவர் தென் கொரியாவிலிருந்து தருவித்த அமோனியம் நைட்ரேட்டை, லைசென்ஸ் விதிகள் அனுசரிக்கப்படவில்லையென்று சென்னைத் துறைமுகத்தில் சுங்க இலாகாவினர் கைப்பற்றினார்கள். சரக்கு முப்பத்தேழு இரும்புப் பெட்டகங்களில் ஏறக்குறைய 740 டன் இருந்தது. அது சென்னைக்கு வடக்கேயுள்ள மணலியில் ஒரு சரக்குக் கிடங்கில் வைக்கப்பட்டது. அவ்வருஷத்துப் பெருவெள்ளத்தில் ஒரு பகுதி நனைந்து கெட்டது. மிச்சம் சுமார் 697 டன். வழக்கும் கடிதப் போக்குவரத்துமாகக் காலம் ஓடிற்று. ஐந்து வருஷங்கள் அது அங்கேயே கிடந்தது. 2020 ஆகஸ்டு 4-ந் தேதி லெபனான் தேசத்துப் பெய்ரூட் துறைமுகத்தில் இதே உப்பு 2,750 டன் வெடித்து, இருநூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டு, சுமார் மூன்று லக்ஷம் பேர் வீடிழந்து நின்ற பிறகுதான், மணலியிலும் அவ்வுப்பு இருப்பது ஊருக்குத் தெரிந்தது. உடனே கிளர்ச்சி எழுந்தது. ஐந்து வருஷமாக நகராத பெட்டகங்கள் ஒரு வாரத்திற்குள் ஹைதராபாத்துக்குப் புறப்பட்டன.

அச்சமயத்தில் சுங்க இலாகாவினர் சொன்ன சமாதானம் யாது? சரக்கு பத்திரமாக இருக்கிறது, இரண்டு கிலோமீட்டர் சுற்றளவில் குடியிருப்பு இல்லை என்பது. ஒரு கிலோமீட்டருக்கும் குறைந்த தூரத்திலேயே ஜனங்கள் வசிப்பதாக மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அறிக்கை கூறிற்றென்று பத்திரிகைகளில் வெளிவந்தது. சர்க்கார் இலாகாக்கள் இரண்டு ஒரே கிடங்கிலிருந்து அளந்த தூரம் இவ்வளவு வித்தியாசப்படுமானால், சாமானிய ஜனங்கள் எதை நம்புவது? அவர்கள் பயந்ததைப் பேதைமையென்று சொல்ல நமக்கு மனம் வரவில்லை.

எனினும், பயத்தை மட்டும் வளர்ப்பது பத்திரிகையின் கடமையன்று. இவ்வுப்பின் குணத்தை உள்ளபடி ஆராய்வோம். இது நம் நாட்டார் நெடுங்காலமாக அறிந்த வெடியுப்பின் இனத்தைச் சேர்ந்தது. தானாகத் தீப்பற்றி எரியாது. கையிலெடுத்தாலும், கீழே போட்டாலும், மூட்டை மூட்டையாக வண்டியில் ஏற்றினாலும் சாதாரணமாக ஒன்றும் நேராது. ஆனால் தன்னுள் பிராணவாயுவை மிகுதியாக அடக்கி வைத்திருக்கிறது. ஆகவே அருகில் எரியும் பொருளுக்கு அது காற்றின் உதவியின்றியே ஊட்டங் கொடுக்கும். சுமார் 170 டிகிரி சூட்டில் உருகும். 210 டிகிரிக்கு மேல் சிதையத் தொடங்கி வாயுக்களை வெளியிடும். அவ்வாயுக்கள் தாராளமாக வெளியேற வழியிருந்தால் பெரும்பாலும் புகையோடு போய்விடும். வழியின்றி அடைபட்டால், சூடும் அழுத்தமும் ஒன்றையொன்று ஏற்றிக்கொண்டே போய், முடிவில் குவியல் முழுவதும் கணப்பொழுதில் வெடிக்கக்கூடும். எண்ணெய், மரத்தூள், கந்தகம், சிலவகை உலோகத் தூள்கள் இவை கலந்தால் அபாயம் பன்மடங்காகும். பக்கத்தில் வேறொரு வெடி வெடித்தாலும் இது அதனோடு சேர்ந்துகொள்ளலாம்.

உழவர்கள் கவலையுறாதிருக்கும்பொருட்டு இங்கே ஒன்று சொல்லவேண்டும். நமது நாட்டில் வயலுக்கு இடப்படும் கால்ஸியம் அமோனியம் நைட்ரேட் என்பது சுண்ணாம்புச் சத்துக் கலந்து அடக்கப்பட்ட வேறு பண்டம். தூய அமோனியம் நைட்ரேட்டோ, நூற்றுக்கு 45 பங்குக்கு மேல் அது கலந்த பொருளோ தான் 2011-ஆம் வருஷ அறிவிப்பின்படி வெடிப்பொருளாகக் கொள்ளப்படுகிறது. அதனை ஆளுவதற்கு 2012-ல் தனி விதிகளும் ஏற்பட்டன.

இவ்வுப்பைப் பற்றி உலகம் அறிந்தது பெரும்பாலும் விபத்துக்களால் அறிந்ததே. ஜெர்மனியில் ஓப்பாவ் என்னுமிடத்தில் 1921 செப்டம்பர் 21-ந் தேதி நடந்ததைக் கேளுங்கள். அங்கே அமோனியம் ஸல்பேட்டும் நைட்ரேட்டும் கலந்த உரம் 4,500 டன் அளவில் குவிக்கப்பட்டு, பாறைபோல் இறுகிவிட்டது. அதைத் தளர்த்தச் சிறு வெடிகளை வைப்பது தொழிற்சாலையின் வழக்கம். ஆயிரக்கணக்கான தடவைகள் வைத்தார்கள், ஒன்றும் நேரவில்லை. அன்று காலையிலும் அப்படியே வைத்தார்கள். குவியலில் ஒரு பகுதியே வெடித்ததெனினும், ஐந்நூறு பேருக்கு மேல் மாண்டனர். "இதுவரை ஒன்றும் நேரவில்லை" என்பது அத்தாட்சியாகாது என்பதற்கு இதனினும் கொடிய உதாரணம் வேண்டுவதில்லை.

அமெரிக்காவில் டெக்ஸாஸ் நகரத் துறைமுகத்தில் 1947 ஏப்ரல் 16-ந் தேதி நடந்தது வேறு வகை. உரமென்று பெயரிட்ட காகிதப் பைகளில் சுமார் 2,300 டன் இவ்வுப்பை ஏற்றியிருந்த கிராண்ட்கான் என்ற பிரெஞ்சுக் கப்பலின் அடித்தளத்தில் தீப்பிடித்தது. தண்ணீர் ஊற்றினால் சரக்குக் கெடுமென்று அஞ்சி, மூடிகளைச் சாத்தி, உள்ளே நீராவியைச் செலுத்தினார்கள். மற்றச் சரக்குகளின் தீயை அடக்கும் முறை அதுவே. ஆனால் காற்று வேண்டாத தீயைக் காற்றை அடைத்து அணைப்பது எங்ஙனம்? சூடும் வாயுவும் உள்ளே அடைபட்டன. ஒரு மணி நேரம் சென்றபின் கப்பல் வெடித்தது. ஏறக்குறைய அறுநூறு பேர் உயிரிழந்தார்கள். அவர்களுள் தீயை அணைக்கச் சென்றவர்களும், கரையில் நின்று வேடிக்கை பார்த்தவர்களும் பலர்.

பெய்ரூட்டின் கதையோ காகிதத்தின் கதை. 2013-ல் வந்த கப்பல் தடுத்து நிறுத்தப்பட்டு, மறு வருஷம் சரக்கு பன்னிரண்டாம் எண் கிடங்கில் இறக்கப்பட்டது. அதை அப்புறப்படுத்த உத்தரவு வேண்டுமென்று அதிகாரிகள் நியாயாதிபதிக்குக் கடிதங்கள் எழுதினார்கள். கடிதங்கள் சென்றன. சரக்கு மட்டும் செல்லவில்லை. ஆறு வருஷங்களுக்குப் பின் கிடங்கில் பிடித்த தீ, அதைக் கண்டுபிடித்தது.

இம்மூன்றினின்றும் விளங்குவதென்ன? "இது வெடிக்குமா?" என்ற கேள்வியைப் பொருளை மட்டும் பார்த்துக் கேட்பது போதாது. எவ்வளவு இருக்கிறது? ஒரே குவியலாகவா, பிரித்தா? பக்கத்தில் என்ன இருக்கிறது? தீப்பிடித்தால் வாயு வெளியேற வழியுண்டா, தண்ணீருண்டா? எத்தனை காலமாகக் கிடக்கிறது, அதைக் கடைசியாகத் திறந்து பார்த்தவர் யார்? எல்லாவற்றிற்கும் மேலாக, சுற்றிலும் யார் வசிக்கிறார்கள், அவர்களுக்கு இது தெரியுமா? இக்கேள்விகளுக்கு விடை கிடைத்தாலன்றி, "பத்திரம்" என்ற சொல்லுக்கும் "ஆபத்து" என்ற சொல்லுக்கும் பொருளில்லை.

அளவைப் பற்றி ஒரு கணக்கைச் சொல்லுகிறோம். மணலியிலிருந்தது பெய்ரூட்டில் வெடித்ததில் நாலிலொரு பங்குதானே என்று அக்காலத்தில் சிலர் ஆறுதல் கூறினர். வெடியின் தாக்குதல் எட்டும் தூரம் சரக்கின் அளவோடு நேராகக் குறைவதில்லை. சரக்கு எட்டு மடங்கானால் தூரம் இரண்டு மடங்காகும் என்பது சாஸ்திரிகள் கண்ட விதி. இவ்விதியின்படி, சரக்கு நாலிலொன்றாகக் குறைந்தால் நாசம் எட்டும் தூரம் ஐந்தில் மூன்று பங்குக்குச் சற்று மேலாகவே நிற்கும். எனவே, கால் பங்கு சரக்கென்றால் கால் பங்கு அபாயமென்று எண்ணுவது தவறு. சரக்கைச் சிறு சிறு பகுதிகளாகப் பிரித்து, ஒன்றின் வெடி மற்றொன்றை எட்டாத தூரத்தில் வைப்பதே மெய்யான பாதுகாப்பு.

இந்த அளவுகோலால் மணலியை மதிப்பிட்டால் நமது தீர்ப்பு என்ன? பெய்ரூட்டில் போல் அங்கே வாணவெடிகளோடும் பிற எரிபொருள்களோடும் ஒரே கூரையின் கீழ்க் குவிக்கவில்லை, பெட்டகங்களில் தனித்திருந்தது. ஆகையால் நாளையே வெடிக்குமென்று அலறியது மிகையே. ஆனால் கைப்பற்றிய சரக்கை ஐந்து வருஷம் ஜனங்களுக்குத் தெரிவிக்காமல் வைத்திருந்ததற்கு நியாயமேயில்லை. சட்டம் தடுத்ததென்று சொல்வதற்குமில்லை. 1962-ஆம் வருஷத்துச் சுங்கச் சட்டத்தின் 110-ஆம் பிரிவு, கைப்பற்றிய ஆபத்தான சரக்குகளை, மாஜிஸ்திரேட்டின் முன் பட்டியலிட்டு மாதிரி எடுத்துக்கொண்டு, வழக்கு முடியுமுன்பே அப்புறப்படுத்த வழி வகுத்திருக்கிறது. ஒரு வாரத்தில் செய்யக்கூடியது ஐந்து வருஷம் நின்றதென்றால், நின்றது கவனக் குறைவாலேயன்றி வேறில்லை.

நிற்க. இதைத் திருச்சி வாசிகள் ஏன் கவனிக்கவேண்டும்? 2016 டிசம்பர் 1-ந் தேதி காலையில், இந்த ஜில்லாவிலேயே, துறையூரை அடுத்த முருங்கப்பட்டியில் வெடிமருந்துத் தொழிற்சாலையொன்றில் நேர்ந்த வெடியில் பதினெட்டுக்குக் குறையாத தொழிலாளிகள் மாண்டார்கள். அடையாளங் காணச் சரீரங்களும் முழுமையாகக் கிடைக்கவில்லை. அங்கே செய்யப்பட்டது வெடிமருந்து. நாம் பேசுவது அதற்கு மூலமாகும் உப்பு. இரண்டும் ஒன்றென்று நாம் சொல்லவில்லை. ஆனால் இரண்டும் செல்லும் சாலைகள் ஒன்றே. சென்னையிலிருந்து தெற்கேயும் கரூர்ப் பக்கமும் செல்லும் பெரும் பாரங்கள் பலவும் கொள்ளிடத்தையும் காவிரியையும் கடந்துதான் வருகின்றன. இவ்விரண்டு நதிகளுக்கும் நடுவிலேதான் ஸ்ரீரங்கமும் திருவானைக்காவலும் இருக்கின்றன.

ஸ்ரீரங்கம் ஒரு தீவு. ஏழு பிராகாரங்களில் வெளிப் பிராகாரங்களுக்குள் வீதிகளும் வீடுகளும் கடைகளும் நிறைந்திருக்கின்றன. வைகுண்ட ஏகாதசியன்று லக்ஷக்கணக்கானோர் கூடுகிறார்கள். அவர்கள் வெளியேறப் பாலங்களே கதி. 2018-ல் கொள்ளிடத்துப் பழைய இரும்புப் பாலத்தின் ஒரு பகுதி வெள்ளத்தில் விழுந்ததையும், 2022-ல் காவிரிப் பாலத்தைப் பழுதுபார்க்க மூடியபோது ஊர் பட்ட பாட்டையும் அவ்வூரார் மறக்கவில்லை. ஒரு பாலம் மூடினாலே இப்படியென்றால், பாலத்தின்மீது பார வண்டியொன்று தீப்பற்றினால் என்ன செய்வது? யார் தடுப்பது, யாரை எந்த வழியாக வெளியேற்றுவது? இதற்கு விடை கலெக்டர் கச்சேரியில் எழுதி வைத்திருந்தால் மட்டும் போதாது. ஊராருக்குத் தெரிந்திருக்கவேண்டும். 2004 ஜனவரி 23-ந் தேதி ஸ்ரீரங்கத்தில் ஒரு கலியாண மண்டபத்தில் பந்தல் தீப்பற்றி, ஐம்பதுக்கு மேற்பட்டோர், மணமகன் உட்பட, மாண்டார்கள். அங்கே வெடிமருந்து எதுவுமில்லை. கூரையும், கூட்டமும், குறுகிய வழியும் மட்டுமே இருந்தன. அதுவே போதுமாயிருந்தது.

மலைக்கோட்டையின் சரித்திரமும் ஒரு பாடம் சொல்லும். 18-ஆம் நூற்றாண்டில் கும்பினியார் தங்கள் வெடிமருந்தை ஊர் நடுவே வைத்திருந்தார்கள். அது வெடித்து உயிர்கள் மாய்ந்தன. எங்கே வைப்பது என்று ஊராரை அந்நியர் கேட்கவில்லை. கேட்பார்களென்று ஒருவரும் எதிர்பார்க்கவுமில்லை. இன்று ஆள்வது நாமே. கேட்கும் பழக்கம் மட்டும் இன்னும் வரவில்லை.

இதன் வேரைச் சட்டங்களிலேயே காணலாம். இன்றும் அமலிலுள்ள வெடிப்பொருள் சட்டம் 1884-ல் செய்யப்பட்டது. முஜபர்பூரில் குண்டு வெடித்தபின் 1908 ஜூன் 8-ந் தேதி அந்நிய சர்க்கார் ஒரே நாளில் இரண்டு சட்டங்களை நிறைவேற்றினார்கள். ஒன்று வெடிக்கும் பொருள்களைப் பற்றியது, மற்றொன்று பத்திரிகைகளின் வாயை அடைப்பது. அம்மாதமே திலகர் பெருமான் கைது செய்யப்பட்டார். குண்டையும் எழுத்தையும் ஒரே தராசில் நிறுத்தவர்களுக்கு, வெடிமருந்தைப் பற்றிய செய்தி ஜனங்களுக்கு எட்டாதிருப்பதே பாதுகாப்பாகத் தோன்றிற்று. பத்திரிகைச் சட்டம் 1922-ல் ரத்தாயிற்று. மற்றது இன்னும் இருக்கிறது. குற்றவாளிகளைத் தண்டிக்க அது வேண்டியதே. ஆனால் அதனோடு வந்த இரகசியப் புத்தியும் கச்சேரிகளில் தங்கிவிட்டதென்பதே நமது குறை.

சுதந்திர இந்தியா வேறு நெறியை ஏற்றுக்கொண்டிருக்கிறது. 1984-ல் போபாலில் ஆயிரக்கணக்கானோர் மாண்டபின், சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் 1986-லும், ஆபத்தான ரஸாயனங்களைப் பற்றிய விதிகள் 1989-லும் ஏற்பட்டன. தொழிற்சாலைக்கு வெளியேயுள்ளவர்களைக் காக்கத் திட்டமும், விபத்து நேர்ந்தால் பாதிக்கப்படக்கூடிய ஜனங்களுக்கு முன்கூட்டியே தகவலும் வேண்டுமென்று அவ்விதிகள் கட்டளையிடுகின்றன. டில்லியில் ஓலியம் வாயு கசிந்த வழக்கில் 1986-ல் சுப்ரீம் கோர்ட்டார், அபாயகரமான தொழிலை நடத்துவோர் அதனால் விளையும் தீங்கிற்கு எவ்விதச் சாக்குமின்றிப் பொறுப்பாளிகளென்று தீர்த்தனர். 2021-ல் அமோனியம் நைட்ரேட் விதிகள் திருத்தப்பட்டு, துறைமுகத்திலிருந்து 500 மீட்டருக்கு அப்பால் கிடங்கு, தீயணைக்கும் சாதனங்கள், கைப்பற்றிய சரக்கை விரைவில் ஏலமிடுதல் ஆகியவை சேர்க்கப்பட்டன. விதிகள் நல்லவையே. அவற்றை நடத்துவதில்தான் குறை. 2025 நவம்பர் 14-ந் தேதி இரவில், காச்மீரத்தில் நவ்காம் போலீஸ் நிலையத்தில், கைப்பற்றிக் கொண்டுவந்து வைத்த வெடிப்பொருள்களைப் பரிசோதித்துக்கொண்டிருக்கையில் அவை வெடித்து ஒன்பது பேர் மாண்டார்கள். மணலிக்குப் பின்னும், பெய்ரூட்டுக்குப் பின்னும், கைப்பற்றிய பொருளை ஊர் நடுவே வைக்கும் வழக்கம் போகவில்லை.

இருப்பை வெளியிட்டால் துஷ்டர்களுக்கு உதவியாகுமே என்று சிலர் ஆக்ஷேபிக்கலாம். இது அலட்சியம் செய்யத் தக்க ஆக்ஷேபமன்று. ஆனால் நாம் பூட்டின் சாவியையோ, வண்டி புறப்படும் நேரத்தையோ கேட்கவில்லை. எந்தக் கிராமத்தெல்லையில் எவ்வகைப் பொருள் அதிகபட்சம் எவ்வளவு வைக்க அநுமதியுண்டு, அங்கிருந்து குடியிருப்பு எவ்வளவு தூரம், ஆபத்து நேர்ந்தால் ஜனங்கள் எப்பக்கம் செல்வது என்பவையே வேண்டும். துஷ்டனுக்கு இரகசியம் எப்படியும் கிடைத்துவிடுகிறது. கிடைக்காதவன் பக்கத்து வீட்டுக் குடித்தனக்காரன் ஒருவனே. கல் உடைக்கும் தொழிலால் பிழைக்கும் ஏழைகளின் வாயில் மண் விழுமே என்பாரும் உளர். தொழிலை நிறுத்தும்படி நாம் கூறவில்லை. முதலில் உயிரிழப்பவர் அவ்வேழைகளே ஆதலால், அவர்களுக்காகவே இதை எழுதுகிறோம்.

ஆகவே, திருச்சி ஜில்லா அதிகாரிகள் செய்யவேண்டியவை நான்கு. அநுமதி பெற்ற இருப்பிடங்களின் பட்டியலை வருஷந்தோறும் தமிழில் அச்சிட்டு, நகரசபை, பஞ்சாயத்துக் கச்சேரிகளில் ஒட்டவேண்டும். கைப்பற்றும் சரக்கிற்கு மாதக் கணக்கில் தவணை குறித்து, அதற்குள் அப்புறப்படுத்தவேண்டும்; வழக்கு மாதிரியை வைத்துக்கொண்டு நடக்கட்டும். உற்சவ நாட்களில் இப்பாரங்கள் தீவின் பாலங்களைக் கடக்கக்கூடாது. தீயணைக்கும் படையினருக்கும் சாலையோர கிராமத்தாருக்கும், இவ்வுப்புக் குவியலில் தீ புகுந்தால் அதை மூடி அடக்க முயலாமல், வேடிக்கை பார்க்க நில்லாமல், உடனே தொலைவாக விலகவேண்டுமென்று கற்பிக்கவேண்டும். டெக்ஸாஸ் கரையில் நின்றவர்களுக்கு இந்த ஒரு செய்தி தெரிந்திருந்தால், பலர் வீடு திரும்பியிருப்பார்கள்.

இவற்றுக்குப் பெரும் பொருட்செலவில்லை. புதிய சட்டமும் வேண்டுவதில்லை. தேசத் தொண்டர்கள் தங்கள் தங்கள் ஊர்களில், 1989-ஆம் வருஷ விதிகளின்படி தகவல் தரப்பட்டிருக்கிறதா என்று எழுத்து மூலமாகக் கேட்கட்டும். 2005-ஆம் வருஷத்துத் தகவல் உரிமைச் சட்டம் அதற்கு வாய்க்காலாக இருக்கிறது. வெடிக்குமா என்பதற்கு ரஸாயன சாஸ்திரிகள் விடை சொல்லட்டும். வெடித்தால் யார் மேல் விழும் என்பதற்கு விடை கேட்கும் பாத்தியதை அங்கே வசிக்கும் ஜனங்களுடையது. கலெக்டர் அவர்கள் அடுத்த வைகுண்ட ஏகாதசிக்கு முன் முதற் பட்டியலை வெளியிடுவாரென எதிர்பார்க்கிறோம்.